தேடிய இடத்தில் கிடைத்தது

எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர். கதையில் வருகிற ஊர் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் நிஜமாகவே இருக்கிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள் என்றால், எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெயர்ப்பலகை தென்படும். யார் வென்றான், யாரை வென்றான் என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும். அக்கம்பக்கம் எல்லாம் பெரிய பெயர்கள். பாரதி பிறந்த எட்டயபுரம். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. நடுவில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல். மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் கரிமூட்டமும்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இந்தச் சாலையில் குறையாத ஒன்று உண்டு. லாரி. 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக ஆனதிலிருந்து, வடக்கே போகிற உப்பும் தெற்கே வருகிற சரக்குமாக ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த வாரம் நாம் பேசப்போகிற விஷயத்தில் லாரிக்கு ஒரு முக்கியமான பாத்திரம் உண்டு. உண்மையில், அளவுக்கு மீறிய பாத்திரம்.

விஷயம், எய்ட்ஸ்.

முகம் சுளிக்காதீர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊருக்கு ஊர் போர்டு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சுவரில், பஸ்ஸின் முதுகில், ரேடியோவில் எல்லாம் அந்த ஒரே கேள்வி. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்ட பாவத்துக்கு எத்தனை பேர் கிண்டலுக்கு ஆளானார்களோ தெரியாது. அந்த ராஜா பெண்களிடம் போகிற ராஜா என்றுதான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். இன்னொரு ராஜாவிடம் போகிற ராஜாவைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை. தொண்ணூறுகளில் நெடுஞ்சாலைகளில் லாரி டிரைவர்களை மறித்து ஆணுறை கொடுத்தவர்களும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் இருந்தார்கள். டிரைவர், அவர் போகிற பெண், வீட்டில் மனைவி, பிறக்கிற குழந்தை. அவ்வளவுதான் படம். அந்தப் படம் பொய்யில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவரிடமிருந்து தனக்கு எச்.ஐ.வி. வந்ததை முகத்தை மறைக்காமல் சொன்னவர். 1998-ல் தன்னைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் ஓர் அமைப்பையே தொடங்கினார். படம் நிஜம். ஆனால் பாதிப் படம்.

மீதிப் பாதி எங்கே போனது? அதைத் தெரிந்துகொள்ள 1986-க்குப் போகவேண்டும்.

*

முதலில் அமெரிக்கா. 1981 ஜூன் 5-ம் தேதி, அந்த நாட்டின் நோய்த்தடுப்பு மையம் வழக்கமான தன் வாராந்திர அறிக்கையை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 5 இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா. ஐவரும் ஆண்களை நாடுகிற ஆண்கள். கேட்க வேண்டுமா? 'அவர்களுக்கு' வருகிற வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொஞ்ச காலம் பெயரே அப்படித்தான் இருந்தது. 1983-ல் பாரிஸில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் பெண்களுக்கு வந்தது, குழந்தைகளுக்கு வந்தது, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்தது. ஆனாலும் முதலில் ஒட்டிய லேபிள் லேசில் கிழியவில்லை.

இந்தியாவில் என்ன சொன்னார்கள்? இங்கே வராது என்றார்கள். நம் கலாசாரம் என்ன, பண்பாடு என்ன. அப்படிப்பட்ட ஆண்களே நம் நாட்டில் கிடையாதே, அப்புறம் வியாதி எப்படி வரும்?

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமனுக்கு இதில் நம்பிக்கையில்லை. தேடிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அவரிடம் ஆய்வு செய்ய வந்த மாணவி நிர்மலா. வயது 32, குடும்பஸ்திரீ. சென்னையில் 200 பேரின் ரத்தத்தைச் சேகரித்துச் சோதிக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. யாருடைய ரத்தம்? ஆபத்து அதிகம் என்று உலகம் அப்போது எண்ணிக்கொண்டிருந்தவர்களுடைய ரத்தம். பாலியல் தொழில் செய்கிற பெண்கள், ஓரினச்சேர்க்கை ஆண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த மாணவர்கள்.

பட்டியலைப் படித்துவிட்டு நிர்மலாவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஆண்களை நாடுகிற ஆண்களை எங்கே போய்த் தேடுவது? மெட்ராஸில் அவர்களுக்கு விலாசம் உண்டா? சங்கம் உண்டா? 'ஆமாம், நான்தான்' என்று ஒருவர் வாயைத் திறந்தால் அடுத்த நிமிடமே இந்திய தண்டனைச் சட்டம் 377-வது பிரிவின்படி குற்றவாளி. ஆயுள் தண்டனை வரை போகலாம். பெண்கள் கதையும் சுலபமில்லை. பம்பாயைப் போல மெட்ராஸில் தனியாக ஒரு வட்டாரம் கிடையாது. பால்வினை நோய்க்கு அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்கள் சிலரைப் பிடித்து, அவர்கள் மூலமாக மயிலாப்பூரில் இருந்த காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தார் நிர்மலா. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து அடைக்கிற இடம். காலையில் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவாராம். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்திருக்கிறார். மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள். பத்திரப்படுத்த வசதி கிடையாது. வீட்டு ஃப்ரிட்ஜில், பாலுக்கும் காய்கறிக்கும் பக்கத்தில் வைத்தார்.

சென்னையில் சோதிக்கும் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரும் மனைவியும் அந்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகம். எலிசா சோதனையில் நோய் இருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். ஒன்றும் மாறாது என்றுதான் நிர்மலா நினைத்துக்கொண்டிருந்தார்.

6 மாதிரிகள் மஞ்சளாகின.

மறுபடி அந்த 6 பெண்களிடம் ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வேறொரு சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். டெல்லிக்குச் செய்தி போனது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் எழுந்து அறிவித்தார். இந்தியாவில் எய்ட்ஸ்!

சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்தது சாதாரண வேலையில்லை. சுனிதி 1993-ல் தனியாக ஒரு மருத்துவ மையம் தொடங்கி, 2015-ல் இறக்கும் வரை எச்.ஐ.வி. நோயாளிகளோடே இருந்தார். 2017-ல், இறந்த பிறகு, பத்மஸ்ரீ வந்தது. நிர்மலாவை வெகுகாலம் நாம் கண்டுகொள்ளவே இல்லை. அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வருவது வேறு. பட்டியலில் மூன்று வகை மனிதர்கள் இருந்தார்கள். நாட்டின் கண்ணில் முதலில் பட்டது, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த பெண்கள். அவர்களால் ஓடி ஒளிய முடியாது. அமெரிக்காவில் ஆண்களிடம் தேடினார்கள், ஆண்களிடம் கிடைத்தது. இங்கே பெண்களிடம் தேடினார்கள், பெண்களிடம் கிடைத்தது. அமெரிக்கர்கள் 'அது அந்த ஆண்களின் வியாதி' என்றார்கள். நாம் 'அது அந்தப் பெண்களின் வியாதி' என்றோம். வைரஸுக்கு இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்த மாதிரி வசதி.

*

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம் வெட்கக்கேடு. சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களைக் காப்பகத்திலேயே வைத்துப் பூட்டினார்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. புதிய யோசனையா என்றால் அதுவும் இல்லை. 1868-ல் வெள்ளைக்காரர்கள் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் போட்டு, ராணுவ முகாம்களைச் சுற்றியிருந்த பெண்களைப் பிடித்துச் சோதித்து அடைத்தார்களே, அதே யோசனை. அப்போதும் சிப்பாய்களுக்கு அந்த அடைப்பு கிடையாது. 1988-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்தவரே, வெளிநாட்டவரோடு இந்தியர் உறவுகொள்வதைத் தடைசெய்து சட்டம் போடலாம் என்றார். 1989-ல் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கிற அதிகாரத்தோடு ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. அப்புறம் கைவிடப்பட்டது. அதே வருடம் கோவாவில் ரத்த தானம் செய்துகொண்டிருந்த டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய காசநோய் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 64 நாள் அடைத்துவைத்தார்கள்.

சென்னையில் ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் அந்தப் பெண்களுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் அவர்களை விடுவிக்க உத்தரவு வந்தது. ஒரு பத்திரிகைக்காரனாக எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

பெண்களையாவது பூட்டுவதற்காகவேனும் கணக்கெடுத்தார்கள். ஆண்கள்?

ம்ஹூம். கணக்கே இல்லை.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த மருத்துவம் எல்லாம் தலைவலித் தைலத்தோடு சரி. ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பே இல்லாவிட்டால் அந்தச் செலவு வேறு ஏதோ ஒரு தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது தெரியும். இங்கேயும் அதுதான் நடந்திருக்க வேண்டும். பரிசோதனை மையத்தில் ஆலோசகர் கேட்கிறார்: 'எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. மனைவி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். அவர் என்ன சொல்வார்? 'ஒரு பொண்ணுகிட்ட போனேன் சார்' என்பார். அதைச் சொன்னால் தலைகுனிவு. இன்னொன்றைச் சொன்னால் குற்றம். தலைகுனிவு தேவலை இல்லையா?

அதனால்தான் நோய்த்தடுப்புக்காரர்கள் பிற்பாடு ஒரு புதுப் பெயரைப் பிடித்தார்கள். 'ஆணோடு உறவுகொள்ளும் ஆண்.' சுருக்கமாக எம்.எஸ்.எம். அழகான பெயர் இல்லைதான். ஆனால் அதற்குள் ஒரு விவேகம் இருக்கிறது. நீ யார், உன் மனசு யாரை விரும்புகிறது, உனக்குக் கல்யாணமாகிவிட்டதா என்கிற கேள்வி எதையும் அது கேட்பதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் கேட்கிறது. தன்னை ஒருபோதும் 'அந்த மாதிரி' என்று சொல்லிக்கொள்ளாத ஆயிரக்கணக்கான கல்யாணமான ஆண்களுக்கும் அதில் இடம் இருந்தது.

*

என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். சுற்றி வளைத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஆசனவாயின் உள் தோல் மெல்லியது. அந்த வேலைக்கென்று அமைந்ததில்லை. ஈரப்பசை தானாகச் சுரக்காது. சுலபமாகக் கீறல் விழும். வைரஸ் உள்ளே போக அது போதும். மருந்து சாப்பிடாத எச்.ஐ.வி. நோயாளி ஒருவரோடு ஆணுறை இல்லாமல் அந்த வழியில் உறவுகொண்டால், வாங்கிக்கொள்பவருக்குத் தொற்றுகிற வாய்ப்பு 10,000-க்கு 138 என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்கிடுகிறது. ஆண்-பெண் வழக்கமான உறவில் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு 10,000-க்கு 8. கூடவே வேறு பால்வினை நோய்ப் புண் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆணா, பெண்ணா, திருநங்கையா என்று வைரஸ் பார்ப்பதில்லை. தோலைப் பார்க்கிறது.

சரி, ஆணுறை போட்டால் தீர்ந்ததா? பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். வழவழப்புக்குக் கைக்குக் கிடைத்ததைத் தடவுவார்கள். தேங்காய் எண்ணெய், வாசலின், முகத்துக்குப் போடுகிற க்ரீம். எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடங்களில் பலமிழந்து கிழிந்துவிடும். தண்ணீரில் கரைகிற ஜெல்தான் பயன்படுத்த வேண்டும். 'புள்ளிராஜா' போர்டு இருந்த காலத்தில் இந்தச் சின்ன விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல எந்தச் சுவரிலும் இடமில்லை. சொல்லியிருந்தால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்?

சொல்ல முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1998-ல் சுனில் மேனன் சென்னையில் 'சகோதரன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். டாக்டர் போய்ச் சொல்வதைவிட அவர்களில் ஒருவரே போய்ச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்கிற எளிய தத்துவம். கடற்கரை, பூங்கா, பஸ் ஸ்டாண்டு என்று போய்ப் பேசுவது, ஆணுறை கொடுப்பது, புண் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. நாடு முழுக்க இப்படிப் பல அமைப்புகள் வந்தன.

2001 ஜூலையில் லக்னோவில் அப்படி வேலை பார்த்தவர்களைப் போலீஸ் பிடித்தது. ஆணுறைகளையும் விளக்கப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். குற்றம்? 377-வது பிரிவுக் குற்றத்துக்குத் துணைபோனது. ஒன்றரை மாதம் உள்ளே இருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆணுறை கொடுங்கள் என்று சம்பளம் தருவது அரசாங்கத்தின் பணத்தில். ஆணுறை கொடுத்தாயா, உள்ளே வா என்பது அரசாங்கத்தின் போலீஸ்.

இதற்கு முன்னோட்டம் 1994-லேயே வந்துவிட்டது. திகார் சிறையில் ஆண் கைதிகளுக்குள் உறவு இருக்கிறது, ஆணுறை கொடுங்கள் என்று மருத்துவக் குழு சொன்னது. அப்போது சிறையின் பொறுப்பில் இருந்தவர் கிரண் பேடி. மறுத்துவிட்டார். கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! டெல்லியில் ஓர் எய்ட்ஸ் விழிப்புணர்வு அமைப்பு 377-ஐ எதிர்த்து அப்போது வழக்குப் போட்டது. அது கவனிப்பாரில்லாமல் கிடந்து தள்ளுபடியானது. 2001 டிசம்பரில் நாஸ் அறக்கட்டளை மறுபடி போட்டது.

அந்த வழக்கில்தான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வருகிறது. எதிர்மனுதாரர் மத்திய அரசு. உள்துறை அமைச்சகம் என்ன சொன்னது? இந்தச் சட்டம் வேண்டும், இதை எடுத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும். அதே மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருக்கிற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் என்ன சொன்னது? இந்தச் சட்டம் இருக்கும்வரை இந்த மனிதர்கள் ஒளிந்துகொண்டுதான் இருப்பார்கள், எங்களால் அவர்களை எட்ட முடியாது. ஒரே அரசாங்கம், இரண்டு பிரமாணப் பத்திரம், இரண்டு எதிரெதிர் கட்சி. எய்ட்ஸ் அமைப்பு எண்களையும் வைத்தது. நாட்டில் சுமார் 25 லட்சம் எம்.எஸ்.எம். ஆண்கள். பொது ஜனங்களில் 100-க்கு 1 பேருக்கும் குறைவாக இருந்த எச்.ஐ.வி., இவர்களில் 100-க்கு 8 பேர் அளவுக்கு இருந்தது.

1986-ல் பட்டியலில் எழுதிவிட்டுத் தேடாமல் விட்டார்களே, அந்த வரிக்கு எண் கிடைக்க 20 வருடமாயிற்று.

2009 ஜூலை 2. தலைமை நீதிபதி ஏ.பி.ஷாவும் நீதிபதி எஸ்.முரளிதரும் தீர்ப்புச் சொன்னார்கள். ஷா அதற்கு முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். முரளிதர் சென்னையில் வக்கீல் தொழில் தொடங்கியவர். வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமில்லை. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து அந்தத் திருப்பத்தைத் திருப்பிப் போட்டார்கள். 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டமே போய்ப் புதுச் சட்டம் வந்தபோது 377 என்கிற பிரிவுக்கு அதில் இடமே இல்லை. சம்மதம் இல்லாமல் ஓர் ஆண் பலாத்காரம் செய்யப்பட்டால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்ற கேள்வி அதனால் புதிதாக முளைத்திருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

*

சட்டம் போனால் எல்லாம் போய்விடுமா? 2021-ல் நாடு முழுக்க எடுத்த கண்காணிப்பில், வயதுவந்த பொது ஜனங்களில் 100-க்கு 0.21 என்ற அளவில் எச்.ஐ.வி. இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எம்.எஸ்.எம். ஆண்களிடம் 3.26. திருநங்கைகளிடம் 3.78. எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது பெரிய விஷயம். ஆனால் மற்றவர்களைவிட இன்னும் 15 மடங்குக்கு மேல்.

இந்த மடங்குக் கணக்கை வைத்துக்கொண்டு யாராவது ஒரு திருநங்கையைப் பார்த்து ஒதுங்கினால், அவர் கணக்கும் படிக்கவில்லை, இந்தக் கட்டுரையும் படிக்கவில்லை என்று அர்த்தம். 100-ல் 96 பேருக்கு எச்.ஐ.வி. இல்லை என்பதும் அதே கணக்குதான்.

திருநங்கைகளுக்கு ஏன் கூடுதல்? உடம்பு பாதிக் காரணம். மீதி, வயிறு.

கரிசல் காட்டுக்கு இந்த மனிதர்கள் புதியவர்கள் இல்லை. இடைசெவல் கி.ராஜநாராயணன் 'கோமதி' என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பெண்மனம் கொண்ட ஒரு சமையல்காரரைப் பற்றியது. கோவில்பட்டிப் பக்கம் இப்படியொருவர் கைப்பக்குவம் தெரிந்து, கல்யாண வீட்டில் பெண்களோடு பெண்ணாக வேலை செய்வது ஊருக்குப் பழகிய விஷயம்தான். கேலி இருந்தது, ஆனால் உலையும் இருந்தது. அந்த இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் அடி. பள்ளிக்கூடத்தில் கிண்டல். 14, 15 வயதில் ராத்திரி பஸ். அப்புறம் மதுரை, சென்னை, மும்பை. 'நிர்வாணம்' என்கிற அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க வேண்டும். வீட்டு வாடகை கட்டவேண்டும், அதுவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக. வேலை யாரும் தரமாட்டார்கள். ஒன்று கடை கேட்க வேண்டும், இல்லையென்றால் ரோட்டோரம் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் ஆணுறை போடாமல் வந்தால் நூறு ரூபாய் அதிகம் என்கிறான் ஒருவன். அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவருக்கு அந்த நூறு ரூபாய் என்ன செய்யும் என்று நீங்களே சொல்லுங்கள். எய்ட்ஸ் பற்றித் தெரியாததால் வந்த ஆபத்து இல்லை இது. தெரிந்தே வருவது.

தமிழ்நாடு அரசு இதை ஓரளவு மற்ற மாநிலங்களுக்கு முன்பே புரிந்துகொண்டது. 2008 ஏப்ரல் 15-ல் நாட்டிலேயே முதல்முறையாக அவர்களுக்கு ஒரு நல வாரியம் வந்தது. ரேஷன் கார்டு, அரசு மருத்துவமனையில் இலவச அறுவைச் சிகிச்சை என்று ஒவ்வொன்றாக வந்தன. இதையெல்லாம் நாம் சமூக நலம் என்ற தலைப்பில் எழுதுவோம். என்னைக் கேட்டால் பாதியை எய்ட்ஸ் தடுப்பு என்ற தலைப்பில் எழுதலாம்.

கோவில்பட்டியை ஒட்டி மந்தித்தோப்பு. 2020 வாக்கில் அங்கே திருநங்கைகளுக்காக ஒரு குடியிருப்பு வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கிரேஸ் பானு, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை. அவர் அலைந்து கேட்டார். அன்றைய கலெக்டர் சந்தீப் நந்தூரி காது கொடுத்தார். குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வீட்டோடு நிறுத்தவில்லை. சுமார் 30 பேர் சேர்ந்து, கடனில் கறவை மாடு வாங்கி, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். திருநங்கைகள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்து நடத்துகிற பால் சங்கம் இந்தியாவில் அதற்கு முன் கிடையாது.

கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஹாக்கியும் மட்டுமே கோவில்பட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்கம் என்றால் என்ன என்று பி.காம். இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பங்குத் தொகை, உறுப்பினர் பதிவேடு, பொதுக்குழு, தணிக்கை. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற சமாசாரம். ஆனால் 'தாய் தகப்பன் பெயர் என்ன, விலாசம் என்ன' என்ற கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் இருந்த ஒருவர், உறுப்பினர் பதிவேட்டில் தான் விரும்பிய பெயரில் கையெழுத்துப் போடுவதை நினைத்துப் பாருங்கள். மாடு விடியற்காலையில் கறக்கவேண்டிய பிராணி. விடியற்காலையில் மாடு கறக்கவேண்டியவர் நடு ராத்திரியில் ரோட்டோரம் நிற்க முடியாது. நூறு ரூபாய் அதிகம் என்பவனிடம், போய்யா என்று சொல்லலாம். அங்கே இருக்கிற யாருக்கு என்ன வியாதி என்பது உங்களுக்கும் எனக்கும் அநாவசியம். என் கண்ணில் படுவது அந்த 'போய்யா' மட்டும்தான்.

30 பேருக்கு மாடு கிடைத்தது. மற்றவர்களுக்கு? அது இன்னும் கேள்வியாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி, மீசை வைத்து, யாருக்கும் தெரியாமல் இருக்கிற அந்த ஆண்களுக்கு எந்தச் சங்கமும் கிடையாது. அவர்கள் வருவது ஒரே ஓர் இடத்துக்கு. அதுவும், வந்தால்.

அந்த இடம் மாறியிருக்கிறது. 2004 ஏப்ரல் 1-ல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அன்று உடம்பு ஓரளவு கெட்ட பிறகே மருந்து. 2017 முதல், எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்த உடனேயே மருந்து. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் வழியாக அடுத்தவருக்குப் போகாது. சும்மா சொல்லவில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் கட்டுக்குள் வந்து, மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. ஆணுறை இல்லாமல் சுமார் 76 ஆயிரம் முறை உறவு. துணையிடமிருந்து தொற்றியது எத்தனை பேருக்கு? பூஜ்யம்.

தப்பு நடந்துவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருந்தை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொற்றும் முன்பே பாதுகாப்பாகத் தினமும் சாப்பிடுகிற மாத்திரையும் இருக்கிறது. டாக்டரிடம்தான் கேட்கவேண்டும், மெடிக்கல் ஷாப்பில் அல்ல.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு போர்டு இருக்கும். கோவில்பட்டியிலும் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். பால்வினை நோய்க்குத் தனியாக 'சுகவாழ்வு மையம்'. உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை உங்களைக் கேட்காமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது, எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிற மத்திய சட்டம் இது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097. எந்த போனிலிருந்தும் பேசலாம். காசு கிடையாது. பெயர் சொல்லவேண்டாம்.